ஏஞ்சலாவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? எந்த உடையில் காஸ்ப்ளே போடுவது?

அம்பத்தூர் அபி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் தோழி ஒருத்தி கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி என்ற விண்வெளி வீரர் குழுவின் காமிக்ஸ் தொகுப்பு ஒன்றைப் படிக்கக் கொடுத்தாள். அதில் திடீரென்று விண்வெளியிலிருந்து ஒரு பெண் வந்து விழுகிறாள், சிவந்த நீள முடி, இடுப்பிலிருந்து பறக்கும் நாடாக்கள், காதோரம் இறக்கை மாதிரி பொன்னிறத் தலையணி, வந்த வேகத்தில் அந்தக் குழுவின் கமோராவோடு சண்டை. பெயர் ஏஞ்சலா, தேவதை இனத்து வேட்டைக்காரி என்று தெரிந்தது, அவ்வளவுதான், அதற்குமேல் அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தேடிப் பார்த்தால் பாதிப் படங்கள் ஸ்பான் காமிக்ஸ் என்கின்றன, பாதி மார்வெல் என்கின்றன. ஒரே ஆள் எப்படி இரண்டு கம்பெனியில் இருக்கிறாள்? தோரின் அக்கா என்று வேறு போட்டிருக்கிறார்கள். தோர் ரக்னராக் படத்தில் தோரின் அப்பா ஓடினுக்கு மூத்த மகள் ஹெலாதானே?

அடுத்த காமிக் கான் ரசிகர் விழாவுக்கு இவளாகத்தான் வேஷம் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் யாரென்று தெரியாமல் ஒருத்தியின் உடையைப் போட்டுக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. யாராவது வந்து உங்களுக்கு இவளை ஏன் பிடிக்கும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம், எந்த உடை சரியாக வரும், அண்ணன்கள் அக்காக்கள் யாராவது சொல்லுங்கள்.

திருவல்லிக்கேணி சேகர்:

அபிம்மா, இரண்டு கம்பெனி விஷயத்தை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

1992-இல் மார்வெலின் முன்னணி ஓவியர்கள் சிலர் வெளியே வந்து இமேஜ் காமிக்ஸ் தொடங்கினார்கள். தாங்கள் உருவாக்கும் பாத்திரங்கள் தங்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வெளியேறியதற்குப் பெரிய காரணம். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வரும். அவர்களில் ஒருவர் டாட் மெக்ஃபார்லேன், அவருடைய தொடர் ஸ்பான், செத்த பிறகு நரகத்தின் படைவீரனாகத் திரும்பி வருகிறவனின் கதை. ஓவியம் பிரமாதம், கதை வலுவாக இல்லை என்று பேச்சு வந்தது. அதனால் அடுத்தடுத்த இதழ்களுக்குப் பெரிய எழுத்தாளர்களை அழைத்தார்: எட்டாவது ஆலன் மூர், ஒன்பதாவது நீல் கெய்மன், பத்தாவது டேவ் சிம், பதினொன்றாவது ஃபிராங்க் மில்லர். 1993-இல் வந்த அந்த ஒன்பதாவது இதழில்தான் ஏஞ்சலா பிறந்தாள்.

அந்தத் தொடக்கக் காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், குதிரையில் வரும் ஒரு கவச வீரன், அவன் அந்தக் காலத்து ஸ்பான். வழியில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான், உதவி கேட்கிறாள் என்று நம்பி நெருங்குகிறான். அவள்தான் ஏஞ்சலா. நரகத்தின் படைவீரர்களை வேட்டையாடுவது அவளுக்குத் தொழில், அவனை முடித்துவிட்டுக் கிளம்புகிறாள். அப்புறம் கதை இன்றைய நியூயார்க்குக்கு வருகிறது, அடுத்த இரை நம் ஸ்பான். தேவதை என்றால் சாந்தமான முகம், வெள்ளை அங்கி, கையில் யாழ் என்று பழகிப்போனவர்களுக்கு இது புதுசு. இவளுக்குச் சொர்க்கம் என்பது ஓர் அலுவலகம், வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு கெய்மனே எழுதி கிரெக் கப்புல்லோ வரைந்த மூன்று இதழ் குறுந்தொடர் வந்தது. அதில் அனுமதியில்லாமல் ஸ்பானைத் தாக்கினாள் என்று இவள்மேலேயே சொர்க்கத்தில் வழக்கு நடக்கும்.

வெளியுலகத்திலும் வழக்குதான் நடந்தது. ஏஞ்சலாவும், அதே இதழில் வந்த காக்லியாஸ்ட்ரோவும், அந்தக் குதிரை வீரனும் யாருக்குச் சொந்தம், பொம்மை விற்ற காசிலும் மறுபதிப்புக் காசிலும் எழுதியவருக்குப் பங்கு உண்டா என்பது பிரச்சினை. 2002-இல் விஸ்கான்சின் நீதிமன்றத்தில் ஜூரி கெய்மன் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2004-இல் மேல்முறையீட்டில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அதை உறுதி செய்தார். எழுத்தாளர் வார்த்தையில் சொன்னதை ஓவியர் படமாக்கும்போது பிறக்கும் பாத்திரம் இருவருக்கும் கூட்டுச் சொத்து என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். காமிக்ஸில் எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2010-இல் இன்னொரு சுற்று: டிஃபனி, டோமினா என்று ஸ்பான் உலகத்தில் வந்த மற்ற தேவதைகளும் ஏஞ்சலாவின் வழிவந்தவர்களே, அவற்றிலும் கெய்மனுக்குப் பங்குண்டு என்று தீர்ப்பானது. 2012-இல் சமரசம் ஆகி, ஏஞ்சலா முழுதாகக் கெய்மன் கைக்குப் போனாள். அடுத்த வருடமே அவர் அவளை மார்வெலுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏஜ் ஆஃப் அல்ட்ரான் என்ற மார்வெல் தொடரின் கடைசி இதழில், காலம் கிழிந்து அந்த இடுக்கு வழியாக வந்து விழுவாள். நீ படித்தது அதற்கடுத்த கட்டம்.

சொந்தம் கொண்டாடுவதற்காக ஒரு கம்பெனியை விட்டு வந்தவரின் புத்தகத்தில் பிறந்தவள், கடைசியில் அந்தப் பழைய கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தாள். ஸ்பான் பக்கத்தில் அவள் 2000-லேயே நூறாவது இதழில் இறந்தும் போயிருந்தாள்.

பழைய இதழ்கள் வேண்டுமென்றால் பாரதி சாலை, லஸ், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் துழாவிப் பார். 90களின் அமெரிக்க இதழ்கள் கட்டோடு கட்டாக எப்போதாவது வரும். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஸ்பானை எட்டாத இடத்தில் வை, ரத்தம் அதிகம்.

மடிப்பாக்கம் நித்யா:

சேகர் சார் வரலாற்றைச் சொல்லிவிட்டார், நான் கதைக்குள் வருகிறேன். அபி, என் பதில் நேராக இதுதான்: மார்வெலிலிருந்து தொடங்கு. ஸ்பான் ஏஞ்சலா மிரட்டலாக இருப்பாள், சரி, ஆனால் அங்கே அவள் விருந்தாளி. அவளுக்கென்று ஒரு மனசும் ஒரு வலியும் கிடைத்தது மார்வெலில்தான்.

ஹெலா கேள்விக்கு முதலில். படத்தில் அப்படி மாற்றிவிட்டார்கள். காமிக்ஸில் ஹெலா ஓடினின் மகள் கிடையாது. 2014-இல் ஜேசன் ஆரனும் ஆல் யூவிங்கும் எழுதிய ஒரிஜினல் சின் வரிசையில் தோர், லோகி வரும் ‘பத்தாவது உலகம்’ கதையில்தான் உண்மை வெளிவருகிறது. ஓடின் ஆளும் ஆஸ்கார்டுக்கும் தேவதைகளின் நாடான ஹெவனுக்கும் போர். ஹெவனின் அரசி ஓடினின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கண்முன்னாலேயே கொன்றுவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். ஓடின் ஆத்திரத்தில் அந்த நாட்டையே, எல்லா உலகங்களையும் இணைக்கும் உலக மரத்திலிருந்து வெட்டித் தனியாக்கிவிடுகிறார், அதனால்தான் ஒன்பது உலகம் என்றே எல்லோருக்கும் தெரியும். ஆனால் குழந்தை சாகவில்லை. எதிரி நாட்டிலேயே ஒரு தேவதை அதை எடுத்து வளர்க்கிறாள். ஆஸ்கார்டியரை வெறுக்கக் கற்றுக்கொடுத்த ஊரில், தானும் ஆஸ்கார்டியர் என்று தெரியாமலே, தேவதைகளில் சிறந்த வேட்டைக்காரியாக வளர்கிறது அந்தக் குழந்தை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆல்ட்ரிஃப், வளர்ந்த பெயர் ஏஞ்சலா. உண்மை தெரிந்த நிமிடமே வளர்த்த ஊர் அவளைத் துரத்திவிடுகிறது.

நமக்கு இந்தக் கதை எங்கே போய்த் தொடும் என்று சொல்லவே வேண்டாம், கர்ணன். பெற்ற வீடு ஒரு பக்கம், சோறு போட்ட வீடு இன்னொரு பக்கம், தம்பிகளே எதிரிகள். இதோடு ஹெவனின் சட்டத்தைச் சேர்த்துப் பார்: அங்கே எதுவும் சும்மா கிடையாது. ஒரு உதவி பெற்றால் அதே மதிப்புக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். அன்பு, தானம், மன்னிப்பு என்று கணக்கில்லாமல் கொடுக்கிற எதையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். செஞ்சோற்றுக் கடனை ஒரு நாட்டுக்கே மதமாக்கி வைத்தது போல. ஏஞ்சலா பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், நீ என்ன கொடுத்தாய், நான் என்ன தர வேண்டும் என்று.

நீ அடுத்துப் படிக்க வேண்டியது ஏஞ்சலா: ஆஸ்கார்ட்ஸ் அசாசின், ஆறு இதழ். கீரன் கில்லனும் மார்கரீட் பென்னட்டும் எழுதியது. ஒவ்வொரு இதழிலும் ஃபில் ஹிமெனெஸ் வரைந்த முதன்மைக் கதைக்கு நடுவே ஒரு கிளைக்கதை வரும், அதை ஸ்டெஃபனி ஹான்ஸ் வரைந்திருப்பார், முழுக்க ஓவியம் தீட்டியது போல இருக்கும், நெருப்பும் பொன்னுமாக. கதை தொடங்கும்போதே ஓடினின் புதுக் குழந்தையை, அதாவது தன் சொந்தத் தங்கையை, ஏஞ்சலா தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஒரு காலத்தில் தனக்கு நடந்ததையே இவளும் செய்கிறாளா என்று ஆஸ்கார்டே துரத்துகிறது. தோர், லோகி, கார்டியன்ஸ் யார் கேட்டாலும் காரணம் சொல்ல மாட்டாள். சொன்னால் பாதி பேர் உதவியிருப்பார்கள். ஆனால் உதவி வாங்கினால் கடன் ஆகிவிடுமே! எனக்கு அந்தப் பிடிவாதம் நெஞ்சை அடைத்தது.

அப்புறம் சேரா. இவளைப் பற்றிச் சொல்லாமல் ஏஞ்சலாவைப் பற்றிப் பேசவே முடியாது. ஹெவனில் ஆண்களாகப் பிறப்பவர்களைக் கோயிலுக்குள் வைத்துவிடுவார்கள். அங்கே பிறந்து, தான் பெண் என்று தெரிந்து, ஏஞ்சலாவோடு வெளியே வந்தவள் சேரா. திருநங்கைப் பாத்திரத்தைப் பரிதாபத்துக்காகவோ சிரிப்புக்காகவோ வைக்காமல், அதிகம் பேசுகிற, புத்திசாலியான, ஏஞ்சலா உயிராக நேசிக்கிற ஒருத்தியாக எழுதியிருக்கிறார்கள். கிளைக்கதைகளைச் சொல்வதும் அவள்தான். ஏஞ்சலா: குவீன் ஆஃப் ஹெல் என்ற அடுத்த தொடரில் சேராவை மீட்க ஏஞ்சலா பாதாளத்துக்கே போய் ஹெலாவிடமிருந்து அரியணையைப் பிடுங்குகிறாள். எல்லாவற்றுக்கும் விலை கேட்டு வளர்ந்தவள், இந்த ஒருத்திக்காக விலை கேட்காமல் போகிறாள். இரண்டுக்கும் நடுவில் 1602-ஆம் ஆண்டில் நடப்பதாக மார்வெல் கற்பனை செய்த உலகத்தில் நடக்கும் நான்கு இதழ்த் தொடர் ஒன்று உண்டு, அதைக் கடைசியில் படித்தாலும் பரவாயில்லை.

மார்வெல் அன்லிமிடெட் செயலியில் படிப்பதுதான் மலிவு. அச்சில் வாங்கினால் இறக்குமதி விலை கொடுக்க வேண்டும்.

கொளத்தூர் தினேஷ்:

நான் உடை விஷயத்துக்கு மட்டும் வருகிறேன் தங்கச்சி.

மூன்று உடை இருக்கிறது. ஸ்பான் காலத்தது 90களின் வழக்கப்படி துணியே குறைவு. 2013-இல் மார்வெலுக்கு வந்தபோது ஜோ கெஸாடா புதிதாக வடிவமைத்தது ஒன்று. 2014-இல் தனித் தொடர் தொடங்கியபோது உடம்பை மூடும் முழுக் கவசம் வந்தது. என்னைக் கேட்டால் மூன்றாவது. பார்க்கப் போர்வீராங்கனை மாதிரியே இருக்கும், நாள் முழுக்க நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் நிற்கும்போது உடையை இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டியதில்லை.

கவசத்துக்கு ஈவிஏ ஃபோம், பஞ்சு மாதிரி மெத்தென்ற தகடு. மார்புக்கு 6 மில்லிமீட்டர், மேலே வரும் அலங்காரக் கோடுகளுக்கு 2 மில்லிமீட்டர் போதும். முதலில் பழைய செய்தித்தாளில் மாதிரி வெட்டி உடம்பில் ஒட்டிப் பார், அப்புறம்தான் ஃபோமில் கத்தி வைக்க வேண்டும். கத்தி மழுங்கினால் ஓரம் பிய்ந்துவிடும், பிளேடை அடிக்கடி மாற்று. வளைவுக்கு ஹீட் கன் காட்டினால் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும், அப்போது முழங்காலில் வைத்து வளைத்து ஆறும் வரை பிடித்துக்கொள். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி இரண்டு பக்கமும் தடவும் பசை. தடவிய உடனே சேர்க்காதே, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை விட்டு, பிறகு சேர்த்து அழுத்து. பெயின்டுக்கு முன்னால் வெள்ளை ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு மூன்று பூச்சு கொடு, இல்லாவிட்டால் தங்க நிறத்தை ஃபோம் உறிஞ்சிவிடும். முடித்த கவசத்தை வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் வைக்காதே, சென்னை வெயிலுக்கு இணைப்பு விட்டுவிடும்.

நாடாதான் இந்த உடையின் உயிர். சும்மா தொங்கினால் ஏதோ கல்யாண மண்டப அலங்காரம் போல ஆகிவிடும், காற்றில் நிற்பது போல வளைந்து நிற்க வேண்டும். பாரிமுனைப் பக்கம் அகலமான சாட்டின் ரிப்பன் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதே கடைத்தெருவில் காகிதப் பூ செய்கிறவர்களுக்கு விற்கும் மெல்லிய கம்பியும் வாங்கிக்கொள். இரண்டு ரிப்பனை முதுகோடு முதுகு வைத்து, இரண்டு ஓரத்திலும் கம்பியை உள்ளே விட்டுத் தைத்துவிட்டால், எப்படி வளைக்கிறாயோ அப்படியே நிற்கும். கம்பி முனையை வளையமாகச் சுருட்டிவிட மறக்காதே, கூட்டத்தில் யார் கண்ணிலாவது படும். நாடாவை உடையில் தைக்காமல் அகலமான பெல்ட்டில் தைத்து, பெல்ட்டைக் கவசத்துக்கு அடியில் கட்டு. எடை இடுப்பில் இறங்கும், தோள் வலிக்காது.

ஈட்டியோ வாளோ எதுவானாலும் இரும்பு வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பிவிசி குழாய் மேல் ஃபோம் சுற்று. இரண்டு துண்டாகச் செய்து நடுவில் கழற்றி மாட்டுகிற மாதிரி வை, ஆலந்தூர் வரை மெட்ரோவில் நிம்மதியாக வரலாம்.

பெருங்குடி முத்துவேல்:

நித்யா மேடத்தோடு எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடு இல்லை. கர்ணன் ஒப்பீடு பாதி தூரம்தான் வரும். கர்ணன் கடன்பட்டதால் நின்றான், தோற்கும் பக்கம் என்று தெரிந்தும் நின்றான், குந்தி வந்து அழைத்தும் போகவில்லை. அவன் பெருமையே அந்த நிற்றலில்தான் இருக்கிறது. ஏஞ்சலா எந்தப் பக்கத்திலும் நிற்பதில்லை. வளர்த்தவர்கள் துரத்தினார்கள், பெற்றவர்கள் வா என்றார்கள், இரண்டு வீட்டையும் விட்டுவிட்டுத் தன் வழியே போகிறாள். சோறு போட்டவன் என்ன தப்பு செய்தாலும் கூட நில் என்றுதான் நம் வீட்டில் எல்லாம் சொல்லி வளர்க்கிறோம். கணக்கு முடிந்தது, இனி நான் யாருக்கும் சொந்தமில்லை என்று ஒரு பெண் சொல்வது அதிலிருந்து ரொம்ப வேறு. எனக்கு அவளைப் பிடிப்பது அதனால்தான்.

இன்னொன்று, ஸ்பான் ஏஞ்சலாவை விருந்தாளி என்று தள்ளிவிட முடியாது. கெய்மன்-கப்புல்லோ குறுந்தொடரில், தான் வேட்டையாட வேண்டிய ஸ்பானையே சாட்சியாக அழைத்துக்கொண்டு போவாள். விசுவாசமாக வேலை பார்த்த இடமே அவள்மேல் குற்றம் சுமத்தும்போது, உண்மையைச் சொல்ல எதிரிதான் வருகிறான். மார்வெலில் வளர்த்த வீடு துரத்துகிற கதைக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. அபி, முடிந்தால் இரண்டையும் படி.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்த மாதிரி நாயகி ஒன்றும் புதிதல்ல என்றும் சொல்ல வேண்டும். லயன் காமிக்ஸில் மாடஸ்டி பிளைஸி படித்து வளர்ந்த தலைமுறை இங்கே இருக்கிறது. தானே முடிவெடுத்து, அடித்து, மீண்டு வருகிற பெண்ணை அப்போதே தமிழில் கொண்டாடினோம். ஏஞ்சலாவும் ஒரு நாள் தமிழ்ப் பேச்சு பேசி வந்தால் முதல் பிரதி நான் வாங்குவேன்.

மடிப்பாக்கம் நித்யா:

முத்துவேல் சார், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் அவள் யாருக்கும் சொந்தமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தப் பக்கமும் இல்லாதவளாக இருந்தால் தங்கச்சிக் குழந்தைக்காக எதற்கு இரண்டு நாட்டையும் பகைத்துக்கொள்கிறாள்? அந்தக் குழந்தைக்குள் ஆஸ்கார்டின் பகைவனான நெருப்பு அரக்கன் சர்ட்டரின் நெருப்பு புகுந்திருக்கிறது, அதை வெளியேற்றத்தான் ஹெவனுக்கு எடுத்துப் போகிறாள். துரத்திவிட்ட ஊருக்கே திரும்பிப் போகிறாள், அதுவும் பிடிக்காத தாய் தகப்பனின் பிள்ளைக்காக. வீடு வேண்டாம் என்கிறவள் செய்கிற வேலையா அது? அவள் பக்கத்தை அவளே தேர்ந்தெடுக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அபி, ஐந்தாவது ஆறாவது இதழ் படிக்காமல் இருந்தால் மன்னித்துக்கொள்ளம்மா, முடிவைக் கொஞ்சம் சொல்லிவிட்டேன்.

அம்பத்தூர் அபி:

பரவாயில்லை அக்கா, நேற்று ராத்திரியே ஆறும் படித்து முடித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டே சண்டை போடுகிற பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லோரும் அவளைக் கடத்தல்காரி என்கிறார்கள், அவளோ குழந்தையைக் கீழே விடாமல் ஒற்றைக் கையால் வாள் வீசுகிறாள்.

சேகர் சார், வழக்குக் கதை சொன்னதற்கு ரொம்ப நன்றி, நான் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன், இதை வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. முத்துவேல் அண்ணா, குறுந்தொடரை லஸ்ஸில் தேடிப் பார்க்கிறேன். தினேஷ் அண்ணா, முழுக் கவசம்தான், முடிவாகிவிட்டது. குழந்தையையும் துணியில் செய்து முன்னால் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், தூளி மாதிரி குறுக்கே ஒரு துணி. மார்புக் கவசத்தின் மேல் அது வழுக்காமல் நிற்க என்ன செய்யலாம்?

கொளத்தூர் தினேஷ்:

அருமையான யோசனை, கட்டாயம் செய். குழந்தைக்குள் பஞ்சு மட்டும் வை, எடை கூடாது. தூளித் துணியின் உள்பக்கம் இரண்டு இடத்தில் வெல்க்ரோ தைத்து, அதன் ஜோடியைக் கவசத்தின் இடது தோளிலும் வலது விலாவிலும் ஒட்டிவிடு, பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே ஒட்ட வேண்டும், பெயின்டின் மேல் ஒட்டினால் பெயின்டோடு உரிந்து வந்துவிடும். பருத்தித் துணியாக எடு, சாட்டின் வழுக்கும். மாதிரி வெட்டியதும் படம் போடு, அளவு பார்த்துச் சொல்கிறேன்.